பொருந்தாததை எடு

என் மகளுக்கு எட்டு வயது. புத்தகக் காட்சியில் வாங்கிக் கொடுத்த ஒரு புதிர்ப் புத்தகத்தை ஒரு மாதமாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே திரிகிறாள். சாப்பிடும்போதும் அதுதான், பல் தேய்க்கும்போதும் அதுதான். நம் குழந்தை டி.வி. பார்க்காமல் புதிர் போடுகிறதே என்று எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேட்டு வைத்தாள்.

புத்தகத்தில் ஒரு பகுதி முழுக்க 'பொருந்தாததை எடு.' மாம்பழம், கொய்யா, சப்போட்டா, கத்திரிக்காய் என்று நான்கு படம் இருக்கும். ஒன்றை வட்டமிட வேண்டும். (தாவரவியல்படி பார்த்தால் கத்திரிக்காயும் பழம்தான் என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். அதை விடுங்கள்.) புத்தகம் தீர்ந்துபோனதும் அம்மணி வீட்டுக்குள் வேட்டையை ஆரம்பித்தாள். செருப்பு ஸ்டாண்டில் பொருந்தாதது எது, கொடியில் காயும் துணியில் பொருந்தாதது எது என்று போய், கடைசியில் சமையலறைக்கு வந்து சேர்ந்தாள்.

சமையலறையில் எங்கள் அம்மா சீராகக் கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒரு டஜன் உண்டு. பதினொன்று ஸ்டாண்டில் கவிழ்ந்திருக்கும். ஒன்று மட்டும் ஜன்னல் திட்டில்.

"அப்பா, இது ஏன் பொருந்தாதது?"

நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீயே கண்டுபிடி" என்றேன். புத்திசாலி அப்பாக்கள் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன்.

அவள் கண்டுபிடிக்க உட்கார்ந்தாள். முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயரம் பார்த்தாள். சமம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். வழியவும் இல்லை, குறையவும் இல்லை. ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இல்லை. அடியில் பெயர் வெட்டியிருக்கிறதா? இருக்கிறது. பன்னிரண்டிலும் அவள் பாட்டி பெயர்தான். அரை மணி நேரம் கழித்து வந்து, "எல்லாமே ஒண்ணாத்தாம்பா இருக்கு. புத்தகத்துல இந்த மாதிரி கணக்கே கிடையாது" என்றாள்.

"அது அக்கா டம்ளர்டா கண்ணு" என்றாள் என் மனைவி. அக்கா என்பது வீட்டு வேலைக்கு வருபவர். எங்களிடம் ஒன்பது வருடமாக இருக்கிறார்.

மகள் யோசித்தாள். "அக்கா குடிக்கிறாங்கங்கிறது டம்ளர்ல இல்லியேம்மா. அக்காகிட்டதானே இருக்கு? அப்ப பொருந்தாதது டம்ளரா, அக்காவா?"

அதற்குமேல் எனக்குப் பேப்பர் ஓடவில்லை.

அம்மா ஹாலில் இருந்து வந்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லடி. ஒரு சுத்தம்தான். அவ நாலு வீடு போயிட்டு வர்றவ" என்றார். பேத்தி விடவில்லை. "பாட்டி, எல்லா டம்ளரையும் அக்காதானே கழுவுறாங்க? அவங்க கை பட்டா அழுக்குன்னா பன்னெண்டும் அழுக்கு. இல்லேன்னா பன்னெண்டும் சுத்தம். ஒண்ணு மட்டும் எப்படி?"

"பெரியவங்களை எதிர்த்துப் பேசாதே!"

இதைச் சொன்னது அம்மா இல்லை. நான்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் பதிவியலில் சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்று ஒன்று உண்டு. டிரயல் பேலன்ஸ் போடுகிறோம். இடது பக்கமும் வலது பக்கமும் உதைக்கிறது, இருநூற்று நாற்பது ரூபாய் இடிக்கிறது. எங்கே தப்பு என்று தெரியவில்லை, ராத்திரி பத்து மணி ஆகிவிட்டது. அந்த இருநூற்று நாற்பதைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டு, இரண்டு பக்கத்தையும் சமமாக்கிவிட்டு வீட்டுக்குப் போவோம். பிறகு தேடிக் கண்டுபிடித்து நேர் செய்ய வேண்டும் என்பது விதி. 'பெரியவங்களை எதிர்த்துப் பேசாதே' என்பது குடும்பங்களின் சஸ்பென்ஸ் அக்கவுன்ட். கணக்கு இடிக்கும் இடத்திலெல்லாம் அதைப் போட்டு மூடிவிடுகிறோம். தாத்தா காலத்து நிலுவைகூட இன்னும் அதில் கிடக்கிறது. யாரும் நேர் செய்ததில்லை.

எனக்கு இன்னொரு வெட்கம் இருந்தது. கிராமத்து டீக்கடைகளில் ஒரு சாராருக்குத் தனிக் குவளை வைப்பதைப் பற்றி நான் செய்தி எழுதியிருக்கிறேன். இரட்டைக் குவளை முறை என்று தலைப்பிட்டு, தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவையெல்லாம் மேற்கோள் காட்டி, காரசாரமாக எழுதினேன். அதை எழுதி முடித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தது இந்தச் சமையலறையில்தான். ஜன்னல் திட்டு என் கண்ணில் பட்டதே இல்லை. அந்த அக்கா என்ன சாதி என்றுகூட எங்களுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. கேட்காமலேயே டம்ளரை மட்டும் தனியாக வைத்துவிட்டோம்.

சரி, இப்போது உங்களைக் கேட்கிறேன். குழந்தைகளுக்கு நாம் எதற்காகப் புதிர் வாங்கிக் கொடுக்கிறோம்?

மூளை வளரட்டும் என்கிறோம். நாளைக்கு நுழைவுத் தேர்வுகளில் 'ரீசனிங்' பகுதி வரும், இப்போதே பழகட்டும் என்கிறோம். அபாகஸ் வகுப்பு, செஸ் வகுப்பு, ரூபிக்ஸ் க்யூப் என்று மாதாமாதம் பணம் கட்டுகிறோம். ஆனால் மனதுக்குள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். அந்த மூளை புத்தகத்துக்குள் மட்டும் வேலை செய்ய வேண்டும். அட்டையை மூடியதும் அணைந்துவிட வேண்டும். புத்தகத்துக்குள் 'ஏன்?' என்று கேட்டால் அறிவு. சமையலறையில் கேட்டால் வாய்க்கொழுப்பு.

நம் எல்லோருக்கும் தெரிந்த புலி, ஆடு, புல்லுக்கட்டுக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படகுக்காரன் மூன்றையும் அக்கரை சேர்க்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் ஏற்ற முடியும். தனியாக விட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். ஏதோ நம்மூர்ப் பாட்டி சொன்ன கணக்கு என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் யார்க் நகரில் வளர்ந்த அல்குயின் என்ற அறிஞர் பெயரில் வழங்கும் லத்தீன் தொகுப்பு ஒன்றிலேயே இது இருக்கிறது. அங்கே ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ். இளைஞர்களின் புத்தியைத் தீட்டுவதற்கான கணக்குகள் என்பதுதான் அந்தத் தொகுப்பின் தலைப்புக்கு அர்த்தம். ஆக, புதிர் போட்டால் மூளை கூராகும் என்று நம்பும் பெற்றோருக்கு ஆயிரத்து இருநூறு வருஷப் பாரம்பரியம் இருக்கிறது!

இந்தக் கணக்கின் முடிச்சு எங்கே என்று கவனித்திருக்கிறீர்களா? முதலில் ஆட்டைக் கொண்டுபோய் விடுவதில் கஷ்டம் இல்லை. அடுத்தது புலி. புலியை இறக்கிவிட்டு, ஏற்கெனவே கரை சேர்த்த ஆட்டைத் திரும்பவும் இக்கரைக்குக் கொண்டுவர வேண்டும். அங்கேதான் குழந்தைகள் மாட்டிக்கொள்வார்கள். சேர்த்ததைத் திருப்பி எடுத்து வருவதா? அது தோல்வி இல்லையா? என் மகள் இரண்டு நாள் அங்கேயே நின்றாள். எனக்கு நாக்கு அரித்தது, சொல்லித் தொலைத்துவிடலாமா என்று. சொல்லவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூட வேனில் ஏறும்போது, "ஆட்டைத் திருப்பிக் கூட்டிட்டு வரணும்பா!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். அந்த முகத்தைப் பார்த்தபோது, விடையைச் சொல்வதும் ஒரு வகைத் திருட்டுதான் என்று பட்டது.

ஆனால் அதற்கு முன்னால், முதல் நாளே அவள் வேறொன்று கேட்டாள். "புலி ஆட்டைத் திங்கும்னா படகுக்காரனை ஏன் திங்கலை?" நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "கணக்குல அப்படியெல்லாம் கேட்கக் கூடாது."

இப்போது யோசித்தால் அந்தக் கேள்வி லேசானதில்லை என்று தெரிகிறது. கணக்கு என்றாலே சிலவற்றைப் பார்க்காமல் விடுவதற்கு ஒப்புக்கொள்வது. புலியின் பசி, படகுக்காரனின் பயம், அன்றைக்கு ஆற்றில் வெள்ளமா வறட்சியா எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு எலும்புக்கூட்டை மட்டும் பார்ப்பது. அதைத்தான் அருவச் சிந்தனை என்று பெரிய பெயர் வைத்து அழைக்கிறோம்.

1931-லும் 1932-லும் அலெக்ஸாண்டர் லூரியா என்ற ரஷ்ய உளவியலாளர் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போனார். படிப்பறியாத விவசாயிகளிடம் இதே 'பொருந்தாததை எடு' விளையாட்டை ஆடினார். சுத்தியல், ரம்பம், கோடாலி, ஒரு மரக்கட்டை. பள்ளிக்கூடம் போன யாரும் மரக்கட்டையை எடுத்துப் போட்டுவிடுவார்கள். மற்ற மூன்றும் கருவிகள். அந்த விவசாயிகளோ எதையும் எடுக்க மறுத்தார்கள். ரம்பம் அறுக்கும், கோடாலி பிளக்கும், மரம் இல்லாவிட்டால் இந்த மூன்றுக்கும் என்ன வேலை? எல்லாமே வேண்டும் என்றார்கள்.

இன்னொன்றும் கேட்டார். பனி பெய்யும் தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவாயா ஸெம்லியா தீவுக்கூட்டம் தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? நம் குழந்தைகள் அரை நொடியில் சொல்லிவிடும். அவர்களில் பலர் சொல்லவில்லை. நான் அங்கே போனதில்லை, பார்க்காததைப் பற்றி எப்படிச் சொல்வது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். கொஞ்ச காலம் படிக்கப் போனவர்கள் மட்டும் சுலபமாகச் சொன்னார்கள். 1974-ல்தான் லூரியாவால் இதைப் புத்தகமாகக் கொண்டுவர முடிந்தது.

பள்ளிப் படிப்பு சிந்தனையை உயர்த்தும் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவார்கள். அது நியாயம்தான். ஒரு சொல்லின் கீழ் பல பொருள்களை அடுக்கத் தெரியாவிட்டால் கணக்கும் இல்லை, சட்டமும் இல்லை, எங்கள் பி.காம். பேரேட்டில் ஒரு தலைப்புகூட இல்லை. ஆனாலும் அந்த உஸ்பெக் பெரியவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. நான்கு பொருளை வைத்து ஒன்றைத் தள்ளு என்று சொன்னால் அவர்களுக்குக் கை வரவில்லை. நமக்கு வருகிறது. மாம்பழத்தில் பழகி, மரக்கட்டையில் பழகி, பிறகு மனிதர்களிலும் எடுத்துப் போடுகிறோம். கோடு கிழித்து, எண்ணிப் பார்த்து, 'இது இந்தக் கூட்டத்தில் சேராது' என்று வட்டமிடும் அதே திறமைதான் ஒரு டம்ளரை ஜன்னலுக்கும் அனுப்புகிறது.

புதிர்களே அப்பாவிகள் இல்லை. அல்குயின் தொகுப்பில் இன்னொரு ஆற்றுக் கணக்கு உண்டு. மூன்று ஆண்கள், ஆளுக்கொரு தங்கை, இரண்டு பேர் ஏறும் படகு. அண்ணன் பக்கத்தில் இல்லாமல் எந்தத் தங்கையையும் மற்ற ஆண்களோடு விடக் கூடாது. பின்னால் அதே கணக்கு சந்தேகப் புருஷர்களும் மனைவிகளுமாக மாறியது. எஜமானர்களும் வேலைக்காரர்களுமாகவும் ஒரு வடிவம் எடுத்தது. ஐரோப்பா நாடு பிடித்துக்கொண்டிருந்த 19-ம் நூற்றாண்டில் பாதிரிமார்களும் நரமாமிசம் தின்பவர்களும் ஆனது. ஆறு அதே ஆறு, படகு அதே படகு. யாரைப் பார்த்து யாருக்குப் பயமோ, அவர்களைக் காலத்துக்குத் தகுந்தாற்போல் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள்.

அப்படியானால் குழந்தைக்குத் தர்க்கம் சொல்லிக் கொடுப்பது ஆபத்தா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதற்கு இன்னொரு புதிர் காரணம். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

மேஜைமேல் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். இப்போது தெரிவது: அ, க, 4, 7. விதி இதுதான்: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும். விதி மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எந்தெந்த அட்டையைத் திருப்ப வேண்டும்?

'அ'வும் '4'ம் என்றீர்களா? நானும் அதைத்தான் சொன்னேன். தப்பு. நான்குக்குப் பின்னால் எது இருந்தாலும் விதிக்குக் கவலையில்லை. உயிர்மெய்யெழுத்துக்குப் பின்னால் இரட்டைப்படை வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! திருப்ப வேண்டியது 'அ'வும் '7'ம். ஏழுக்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். 1966-ல் பீட்டர் வேசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் வெளியிட்ட புதிர் இது. அவர் ஆங்கில எழுத்துகளை வைத்துச் செய்தார். நன்றாகப் படித்தவர்களிலும் பத்துக்கு ஒருவர் தேறுவதே அபூர்வம்.

ஆனால் 1982-ல் அமெரிக்காவில் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இருவர் அதே கணக்கின் சட்டையை மட்டும் மாற்றினார்கள். பீர் குடிப்பவருக்குப் பத்தொன்பது வயது தாண்டியிருக்க வேண்டும் என்பது விதி. நான்கு பேர் குடிக்கிறார்கள். ஒருவர் பீர், ஒருவர் கோக், ஒருவருக்கு வயது 22, ஒருவருக்கு 16. நீ போலீஸ்காரர், யாரைச் சோதிப்பாய்? பீர் குடிப்பவரையும் பதினாறு வயதுக்காரரையும் என்று நான்கில் மூன்று பேருக்கு மேல் இல்லாவிட்டாலும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். எலும்புக்கூடு அதேதான். அட்டையில் தடுக்கி விழுந்த மூளை, யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றதும் எழுந்து ஓடுகிறது.

ஏன் இப்படி என்று உளவியலாளர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். தர்க்கம் காகிதத்தில் பிறந்த சரக்கு இல்லை. 'எனக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா?' என்ற சண்டையோடு ஒட்டிப் பிறந்தது. எந்தக் குழந்தையும் முதன்முதலில் தர்க்கம் பேசுவது முக்கோணத்தைப் பற்றி இல்லை. அண்ணனுக்குப் பெரிய துண்டு கேக் வைத்த அம்மாவிடம்தான். விதி என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் கணக்குக்கும் அஸ்திவாரம், நியாயத்துக்கும் அஸ்திவாரம். என் மகள் டம்ளரை வைத்துக் கேட்டதும் அதுதான்: கை பட்டால் அழுக்கு என்ற விதியைப் பன்னிரண்டுக்கும் போட்டுக் காட்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. தர்க்கம் தெரிந்தவர்கள் எல்லோரும் யோக்கியர்கள் இல்லை. பட்டிமன்றத்தில் எந்த அணியில் உட்கார வைத்தாலும் ஜெயிப்பவர்களை நமக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியமே என் மூளையும் அந்த வேலையை ஆரம்பித்தது. தனி டம்ளர் அவருக்கே வசதிதானே, அவர் வாய் வைத்ததில் யாரும் குடிக்காமல் இருப்பது அவருக்கும்தானே சுகாதாரம் என்றெல்லாம் அழகான வாதங்கள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றுகூட இலக்கணப் பிழை இல்லாத வாதம். எட்டு வயதில் கேள்வியாக இருக்கும் தர்க்கம் நாற்பது வயதில் வக்கீலாகிவிடுகிறது. அதனால்தான் குழந்தைக்குப் புதிர் போடும்போது விடை என்ன என்பதோடு விட்டுவிடாமல், எப்படி என்று கேட்க வேண்டும் என்கிறேன். அந்த எப்படியை நம்மிடமும் திருப்பிக் கேட்க அதற்கு உரிமை கொடுக்க வேண்டும். கத்திரிக்காய்க்குப் பதில் மாம்பழத்தை வட்டமிட்டால் அடிக்காதீர்கள், காரணம் கேளுங்கள். "இது மட்டும்தான் எங்க வீட்ல வாங்க மாட்டீங்க" என்று சொன்னாலும் சொல்லும்.

அன்று ராத்திரி எல்லோரும் தூங்கியபின் ஜன்னல் திட்டில் இருந்த டம்ளரை எடுத்து ஸ்டாண்டில் மற்றதோடு கவிழ்த்தேன். பன்னிரண்டு ஆயிற்று. பெரிய புரட்சி செய்துவிட்ட நினைப்பில் தூங்கப் போனேன்.

காலையில் அந்த அக்கா வந்தார். பாத்திரம் தேய்த்து முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். "என் டம்ளரு எங்கம்மா?" என்றார். மனைவி ஸ்டாண்டைக் காட்டி, "இனிமே அதுலயே எடுத்துக்குங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ஏதாவது தப்பு நடந்துவிட்டதா என்று தேடுகிற மாதிரி இருந்தது. ஒன்றை எடுத்து, எப்போதும்போல நின்றுகொண்டே காபியைக் குடித்தார். நன்றாகத் தேய்த்துக் கழுவினார். ஜன்னல் திட்டிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அதைப் பார்த்து அம்மாவுக்கு நிம்மதி. சாயந்திரம் காபி கலந்துகொண்டிருந்தபோது பேத்தி பக்கத்தில் போய் நின்றாள்.

"பாட்டி, ஜன்னல்ல இருக்கிறது நேத்து டம்ளர் இல்ல. நேத்து டம்ளர் இந்தப் பதினொண்ணுல ஒண்ணு."

"எதுடி?"

"தெரியாது. எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பேப்பரில் இருந்தேன். பதினொரு டம்ளரையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் அவர் பெயர்தான் வெட்டியிருந்தது. டிகாக்ஷன் ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கைக்கு வந்த ஒன்றை எடுத்து ஊற்றிக்கொண்டு ஹாலுக்குப் போனார்.